அம்பு பட்ட மான் ஏன் ஓடுகிறது?
வில்வேட்டையில் குறியிடமும் ‘கெடுதி வினாதல்’ மரபும்

முன்னுரை

அகப்பொருள் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மதியுடம்படுத்தல் என்னும் பகுதிக்கு வரும்போது மாணவர்களிடமிருந்து ஒரு வினாவை எதிர்கொள்ள நேரிடுகிறது. தலைவியும் தோழியும் ஒருங்கிருக்கும் தினைப்புனத்திற்குத் தலைவன் வருகிறான். தன் வேட்டையில் தப்பிய யானையையோ கலைமானையோ அவ்வழியில் கண்டதுண்டோ என வினவுகிறான். “அம்பு பட்டால் மான் அங்கேயே விழுந்துவிடாதா? விழவில்லையென்றால் தலைவன் குறி தவறியவனா?” என்று மாணவன் கேட்கிறான். “இஃது ஓர் இலக்கிய மரபு” என்று சொல்லி அவ்விடத்தைக் கடந்துவிடுவது நம் வழக்கம்.

அவ்விடை பிழையன்று, ஆயினும் போதுமானதன்று. எந்த மரபும் அதனை முதலில் கேட்டவர்களுக்கு நம்பத்தக்கதாய் இருந்திருக்க வேண்டும். காட்டை அறிந்த மக்களிடையே, நடக்கவே முடியாத ஒன்றைச் சாக்காகக் கூறி ஒருவன் பெண்களிடம் பேச்சுத் தொடங்க இயலாது. ஆகவே, வில்லால் எய்யப்பட்ட மானுக்கு உண்மையில் என்ன நேர்கிறது, அம்பு அதன் உடலில் எங்கே படவேண்டும், வேறிடத்தில் பட்டால் என்னவாகும் என்பவற்றை அறிந்துகொள்வது நம் பாடல்களைப் படிக்கத் துணைசெய்யும். வில்வேட்டை இன்றும் சட்டப்படி நடைபெறும் வட அமெரிக்காவில் இவ்வறிவு விரிவாகத் தொகுக்கப்பட்டுள்ளது. அங்குள்ள வெண்வால் மானை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்க முற்படுகிறது.

வேட்டையை ஊக்குவிப்பது இதன் நோக்கமன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான்வேட்டையைக் குற்றமாக்கியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அனுமதியின்றிக் காட்டுவிலங்குகளைக் கொல்வது தண்டனைக்குரியது. பிரிட்டனில் மானை வில்லால் வேட்டையாடுவதற்கே இடமில்லை. அமெரிக்காவில் உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றுக்கு உட்பட்டு இது நடைபெறுகிறது. பல மாநிலங்களில் வில்வேட்டைக்கெனத் தனிப் பயிற்சியும் பெறவேண்டும்.

இவ்வறிவு வந்த வழி

துப்பாக்கி பரவியபின் அமெரிக்காவில் வில்வேட்டை ஏறத்தாழ மறைந்துபோயிருந்தது. 1911ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் நகருக்கருகே, யாஹி என்னும் பழங்குடியின் கடைசி மனிதராகக் கருதப்பட்ட ஒருவர் காட்டிலிருந்து தனியே வெளிவந்தார். அவர் தம் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய மொழியில் ‘மனிதன்’ எனப் பொருள்படும் ‘இஷி’ என்னும் சொல்லாலேயே அவரை அழைத்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த அவரிடம், அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் சாக்ஸ்டன் போப் வில் செய்யவும் எய்யவும் பதுங்கி நெருங்கவும் கற்றுக்கொண்டார். இஷி 1916இல் காசநோயால் இறந்தார். போப் தாம் கற்றதையும் பின்னர்த் தம் நண்பர் ஆர்தர் யங்குடன் வேட்டையாடிப் பெற்ற பட்டறிவையும் 1923இல் நூலாக வெளியிட்டார். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் மானுக்கென வில்வேட்டைப் பருவம் ஒன்றை அறிவித்தது. அழியும் நிலையிலிருந்த ஒரு குடியின் அறிவு, அறுவை மருத்துவர் ஒருவரின் உடற்கூற்று அறிவோடு சேர்ந்து புத்துயிர் பெற்றது என்பது கருதத்தக்கது.

அம்பு கொல்லும் முறை

துப்பாக்கிக் குண்டும் அம்பும் ஒரே வகையில் கொல்வதில்லை. மிகுந்த விசையோடு பாயும் குண்டு தான் செல்லும் வழியைச் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் சிதைக்கிறது. விலங்கு நின்ற இடத்திலேயே சாய்வதும் உண்டு. அம்போ ஒரு கத்தியைப் போன்றது. அதன் அகன்ற முனையிலுள்ள கூரிய வாய்கள் குருதிக்குழாய்களை வெட்டுகின்றன. குருதி வெளியேறி மூளைக்குச் செல்லும் ஓட்டம் குறையும்போதுதான் விலங்கு நினைவிழந்து வீழ்கிறது. நுரையீரல் துளைபடின் அது சுருங்கி மூச்சும் தடைப்படுகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மிகச் சரியான இடத்தில் அம்பு பட்டாலும் மான் சில விநாடிகள் ஓடும். இரண்டு நுரையீரல்களும் துளைபட்ட மான் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் வீழ்ந்துவிடும். ஆனால் அடர்ந்த காட்டில் அந்த நூறு மீட்டரும் கண்ணுக்கு மறைவான தொலைவே. இரண்டாவது, குருதி மிகுதியாக ஓடும் உறுப்பில் அம்பு படாவிட்டால் மான் நெடுநேரம் துன்புற்று நெடுந்தொலைவு சென்று மடியும். குறியிடம் பற்றிய அறிவு என்பது இத்துன்பத்தைத் தவிர்ப்பது பற்றிய அறிவேயாகும்.

மானின் உயிர்நிலை

மானின் மார்புக்கூட்டினுள் முன்னங்கால்களுக்கு இடையே கீழ்ப்பகுதியில் இதயம் அமைந்துள்ளது. அதன் மேலும் பின்னும் இரு நுரையீரல்கள் மார்பை நிறைத்துக் கிடக்கின்றன. அவற்றின் பின்னெல்லையாக உதரவிதானம் உள்ளது. அதற்குப் பின்னே கல்லீரலும், அதற்கும் பின்னே அசைபோடும் விலங்குகளுக்கு உரிய பெரிய இரைப்பையும் குடலும் உள்ளன. மார்பின் முன்பகுதியைத் தோள்பட்டை எலும்பும் மேற்கால் எலும்பும் கேடயம்போல் காக்கின்றன.

பக்கவாட்டில் நிற்கும் வெண்வால் மானில், இதயமும் நுரையீரலும் சேர்ந்த குறியிடம் ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள வட்டம் எனலாம். ஓர் உணவுத்தட்டின் அளவே அது. தலை சிறியது, ஓயாமல் அசைவது, மண்டையோடு வலியது. கழுத்தில் குருதிக்குழாய்கள் உள்ள பகுதியோ மிகக் குறுகியது. எனவே தலையையும் கழுத்தையும் வில்லாளர் குறியாகக் கொள்வதில்லை.

தமிழில் ‘மருமம்’ என்னும் சொல் உயிர்நிலையையும் குறிக்கும், மார்பையும் குறிக்கும். வடமொழிச் சொல்லின் வழிவந்த இச்சொல்லில் இவ்விரு பொருளும் ஒன்றாய் நிற்பதை அகராதியில் ஒரு பொருள்விரிவாக மட்டுமே காண்கிறோம். வில்லாளனின் கண்கொண்டு நோக்கினால் மார்பும் உயிர்நிலையும் ஒன்றே.

மான் நிற்கும் நிலையும் குறியும்

குறியிடம் என்பது தோலின் மேலுள்ள ஒரு புள்ளியன்று. உடலின் உள்ளே அம்பு செல்லவேண்டிய பாதை. இதுவே பயிற்சியில் வலியுறுத்தப்படும் அடிப்படை. அம்பு எங்கே நுழைகிறது என்பதைக் காட்டிலும் எதை ஊடுருவி எங்கே வெளிவரும் என்று எண்ணவேண்டும். ஆகவே மான் நிற்கும் நிலைக்கேற்பக் குறியும் மாறும்.

முற்றிலும் பக்கவாட்டில் நிற்பது சிறந்த நிலை. முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேனோக்கி ஒரு கோடு கற்பித்து, வயிற்றின் அடிவிளிம்பிலிருந்து உடல் உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைக்க வேண்டும். அங்கே எய்த அம்பு விலாவெலும்புகளினூடே சென்று இரு நுரையீரல்களையும் துளைக்கும். சற்றுத் தாழ்ந்தால் இதயம்; சற்று உயர்ந்தாலும் நுரையீரலே. பிழைக்கு இடம்கொடுக்கும் குறி என்பதே இதன் சிறப்பு.

மான் எய்பவனைவிட்டு விலகிய திசையில் சாய்ந்து நிற்பது மற்றொரு நல்ல நிலை. அப்போது அப்பாலுள்ள முன்னங்காலை மனத்தில் கொண்டு, அம்பு அங்கே சென்று வெளிவருமாறு குறிவைக்க வேண்டும். நுழையும் இடம் விலாவின் பின்பகுதியாகத் தோன்றினும் பாதை மார்பின் நடுவே செல்லும். தோள் எலும்பு குறுக்கிடாது.

எய்பவனை நோக்கிச் சாய்ந்து நிற்கும் நிலையில் தோள் எலும்பு முன்னே நிற்கிறது. அதனைத் தவிர்க்க எய்தால் ஒரு நுரையீரலும் இரைப்பையுமே துளைபடக்கூடும். நேர்முகமாய் நிற்கும்போது மார்பெலும்பும் தோளும் காக்க, எஞ்சிய இடைவெளி மிகச் சிறியது. புறங்காட்டி நிற்கும்போது குறியே இல்லை. இம்மூன்று நிலைகளிலும் எய்யாமல் காத்திருக்கவேண்டும் என்பதே பயிற்றுநர் பெரும்பாலோரின் அறிவுரை.

மரத்தின்மேல் பரண் அமைத்து எய்யும்போது அம்பு மேலிருந்து கீழே சாய்ந்து செல்கிறது. ஆதலால் நுழையுமிடம் சற்று உயர்ந்திருந்தால்தான் அம்பு மார்பின் நடுவே செல்லும். மான் பரணுக்கு மிக அருகில் வந்துவிட்டால் சாய்வு மிகுந்து, ஒரு நுரையீரல் மட்டுமே துளைபடும் இடர் உண்டு.

மானை முழுமையாகப் பார்க்காமல், குறியிடத்திலுள்ள ஒரு மயிர்க்கற்றையை மட்டும் பார்க்கும்படி புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். கொம்பைப் பார்ப்பவன் தன்னையறியாமல் கொம்பை நோக்கியே எய்துவிடுவான். துரோணர் வைத்த தேர்வில், பறவையின் தலையன்றி வேறொன்றும் தெரியவில்லை என அருச்சுனன் விடையிறுத்த பாரதக் கதையை இங்கு நினைவுகூரலாம்.

நாணொலியும் மானின் அசைவும்

அம்பைக் காட்டிலும் ஒலி விரைவாகச் செல்லும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்ல, உருளைகள் பூட்டிய இன்றைய வில்லிலிருந்து புறப்படும் அம்பு 75 முதல் 90 மீட்டர் வரையே செல்கிறது. பழைய முறை மரவில்லாயின் 50 மீட்டர் அளவே. மான் 18 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். நாணொலி ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கில் அதன் செவியை எட்டிவிடும். அம்பு சென்றுசேர, இன்றைய வில்லில் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாகவும் மரவில்லில் மூன்றில் ஒரு விநாடிக்குச் சற்று மிகுதியாகவும் ஆகும். எஞ்சிய அச்சிறு பொழுதில் மான் அசைந்துவிடும்.

அது துள்ளி மேலே எழுவதாகவே நாம் எண்ணுவோம். உண்மையில், பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. அதனால் சரியாகக் குறிவைத்த அம்பும் முதுகுக்கு மேலே சென்றுவிடுகிறது. வில்லாளர் குறியைச் சற்றே தாழ்த்தி இதயத்தின் மேல்விளிம்பில் வைப்பதற்கும், தொலைவிலிருந்து எய்வதைத் தவிர்ப்பதற்கும், விழிப்புற்றுச் செவி நிமிர்த்தி நிற்கும் மானை எய்யாமல் விடுவதற்கும் இதுவே காரணம். வல்லவனின் அம்பும் தவறுவது எவ்வாறு என்னும் மாணவனின் ஐயத்திற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. மூன்றில் ஒரு விநாடி என்பது மானுக்கு நெடும்பொழுது.

எய்தபின் காத்திருத்தல்

அம்பு எங்கே பட்டது என்பதை மானின் ஓட்டமும் தரையில் சிந்திய குருதியும் அறிவிக்கும். நுரையீரலில் பட்டால் குருதி வெளிர்சிவப்பாய், நுரையோடு காணப்படும். கல்லீரலில் பட்டால் கருஞ்சிவப்பாய் இருக்கும். இரைப்பையிலோ குடலிலோ பட்டால் அம்பில் பச்சையோ பழுப்போ கலந்த கறையும் கெட்ட நாற்றமும் இருக்கும். மான் முதுகைக் கூனி மெல்ல நடந்து செல்லும்.

இவ்வேறுபாட்டை ஒட்டியே பின்தொடரும் நேரம் வகுக்கப்படுகிறது. நுரையீரலில் பட்டதாகத் தோன்றினும் அரைமணி நேரம் காத்திருக்கச் சொல்வர். கல்லீரலெனின் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ. இரைப்பையெனின் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். உடனே துரத்தினால், அருகிலேயே படுத்துவிட்டிருக்கும் மான் அச்சத்தால் எழுந்து நெடுந்தொலைவு ஓடும். குருதித் தடமும் அற்றுப்போகும். காத்திருந்தால் படுத்த இடத்திலேயே உயிர் பிரியும். எய்ததற்கும் கண்டடைவதற்கும் இடையே இவ்வாறு ஓர் இடைவெளி வில்வேட்டையில் எப்போதும் உண்டு. அவ்விடைவெளியில் வேட்டுவன் தடம் தேடி நடப்பான், எதிர்ப்பட்டோரைக் கேட்பான்.

பாடல்களுக்குத் திரும்புதல்

தொல்காப்பியக் களவியல், தோழியிடம் குறையிரக்கும் தலைவன் வினவுவனவற்றுள் ஊர், பெயர் ஆகியவற்றோடு ‘கெடுதி’யையும் சேர்த்துக் கூறுகிறது. கெடுதி என்பது காணாமற்போன பொருள். ஊரும் பெயரும் எவரும் வினவக்கூடியவை. கெடுதி வேட்டுவனுக்கே உரிய வினா. மேலே கூறிய இடைவெளியை நோக்கின், அது மிக இயல்பான வினா என்பதும் புலனாகும். அம்பு பட்ட விலங்கு ஓடும், ஓடியதைத் தேடவேண்டும், தேடுபவன் புனங்காப்போரிடம் கேட்கவே செய்வான். ஆகவே கெடுதி வினாவுதல் தலைவனின் வில்திறனுக்கு இழுக்கன்று.

இயல்பான வினாவாதலால்தான் அது பொய்க்கும் இடம்கொடுக்கிறது. அகநானூற்று 82ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவன் வலிய வில்லைப் பற்றி, அம்பைத் தெரிந்துகொண்டு, யானை சென்ற வழியை வினவி நிற்கிறான். கண்டோர் பலர், ஆயினும் தலைவி ஒருத்திக்கே நெஞ்சு நோகிறது. இங்கே வில்லும் அம்பும் கையில் உள்ளன. வினாவில் ஐயம் எழவில்லை. திருக்கோவையாரிலோ ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ ஆகியன தனித்தனித் துறைகளாக அமைகின்றன. அந்நூலின் பாடலொன்றில் தோழி அவனை உற்றுநோக்குகிறாள். வேட்டையைப் பற்றிப் பேசுகிறான். கையில் வில் இல்லை, தழைதான் இருக்கிறது. யானையோடு பன்றியையும் சேர்த்து வினவுகிறான். இவன் யாவனோ என அவள் ஐயுறுகிறாள். வேட்டையின் நடைமுறையை அறிந்தவளாதலால்தான் தோழியால் அதன் குறைகளைக் கண்டுபிடிக்க முடிகிறது. நாமும் அவள் அறிந்ததை அறிந்திருந்தாலன்றி அப்பாடலின் நகைச்சுவையை முழுமையாகத் துய்க்க இயலாது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தரும் காட்சி இன்னும் நுட்பமானது. சினந்து வரும் யானையிடமிருந்து மகளிரைக் காக்கத் தலைவன் அதன் முகத்தில் அம்பை அழுந்த எய்கிறான். புண்ணிலிருந்து குருதி முகத்தில் வழிய, யானை நிற்கமாட்டாது புறங்கொடுத்து ஓடுகிறது. அது வீழ்ந்தது என்று கபிலர் சொல்லவில்லை. நேர்முகமாய் வரும் விலங்கின் முகத்தில் பட்ட அம்பு எலும்பால் தடுக்கப்படும், காயம் உண்டாகும், உயிர்நிலையை எட்டாது. அங்கே தலைவனின் நோக்கம் கொல்வதன்று, காப்பது. அதற்கு அந்த அம்பு போதும். தலைவனின் வீரத்தைப் பெரிதாக்க யானையை வீழ்த்தியிருக்கலாம். கபிலர் அவ்வாறு செய்யவில்லை.

புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர் பாடும் வல்வில் ஓரியின் வேட்டை இதற்கு மறுதலையாகத் தோன்றும். ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிக் கலைமானை உருட்டி, பன்றியையும் வீழ்த்தி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்குகிறது. இஃது உயர்வு நவிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வித்து வேட்டுவர் கண்ட உண்மையே. பெரிய எலும்பில் மோதாமல் விலாவினூடே மார்பைத் துளைக்கும் அம்பு, மானின் மறுபுறம் வெளிவந்து அப்பால் மண்ணில் தைத்து நிற்பது இன்றும் பலமுறை காணப்படுவது. எய்தவனின் வலிமையும் குறியின் செம்மையும் ஒருங்கே அமைந்ததற்கு அஃது அடையாளம். ஒரு விலங்கில் கண்ட அவ்வுண்மையைப் புலவர் ஐந்து விலங்குகளுக்கு நீட்டினார். அந்த வேட்டுவன் பாணர் கூட்டத்திற்கு அளித்தது தான் கொன்ற மானின் இறைச்சியையே என்பதும் நோக்கத்தக்கது.

பிழைபட்ட குறியின் விளைவையும் நம் காப்பியங்கள் அறிந்திருந்தன. தயரதன் நீர் மொள்ளும் ஒலியை யானையின் ஒலியெனக் கருதி எய்ய, முனிவனின் மகன் மாண்டான். சரன் என்னும் வேடன் கண்ணனின் காலை மானென எண்ணி எய்தான். ஒலியை மட்டும் கேட்டும், உடலின் ஒரு பகுதியை மட்டும் கண்டும் எய்ததன் விளைவுகள் இவை. விலங்கை முழுமையாகக் கண்டு தெளிந்தபின்னரே எய்யவேண்டும் என்னும் இன்றைய பயிற்சியின் முதல் விதியை இக்கதைகள் துயரத்தின் வாயிலாகச் சொல்கின்றன.

முடிவுரை

மான்வேட்டையில் அம்பு படவேண்டிய இடம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே அமைந்த மார்பின் நடு. அங்கே பட்டாலும் மான் ஓடும்; ஓடியதைப் பொறுமையோடு தேடவேண்டும். சிறியதாகத் தோன்றும் இவ்வுண்மை, கெடுதி வினாதல் என்னும் மரபு காட்டுவாழ்வின் நடைமுறையில் வேரூன்றியது என்பதை உணர்த்துகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நகர்ப்புறத்தில் வளரும் நம் மாணவர்கள் புனத்தையும் பரணையும் கண்டதில்லை. அவர்களுக்கு மரபு என்னும் ஒற்றைச் சொல் ஒரு மூடிய கதவாகிவிடுகிறது. “தலைவன் குறி தவறியவனா?” என்று கேட்கும் மாணவன் பாடலை நம்பிப் படிக்கிறான், அதனால்தான் கேட்கிறான். மானின் மார்பைக் கரும்பலகையில் வரைந்து, அம்பின் பாதையைக் காட்டி, “இங்கே பட்டாலும் அது நூறு மீட்டர் ஓடும், அதைத் தேடித்தான் வந்ததாகச் சொல்கிறான், ஆனால் அவன் கையில் வில் இருக்கிறதா என்று பார்” என்று ஆசிரியர் கூறுவாராயின், அம்மாணவன் தோழியின் இடத்தில் நின்று பாடலைப் படிக்கத் தொடங்குவான்.